கூரை கழற்றும் ஸ்போர்ட்ஸ் காரில் சாமான் அடுக்குவது: மலைப்பாதைக்கு ஓர் எளிய விளக்கம்

கூரையைக் கழற்றி ஓட்டும் இரண்டு பேர் காரைப் பற்றிப் பேச்சு வந்தால், இலங்கை மலைநாட்டில் இரண்டு வசனங்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று, “அதிலே ஒரு பேக்கைக்கூட வைக்க ஏலாது.” மற்றது, “பின்னுக்குப் பாரம் போட்டால்தான் கார் ரோட்டைப் பிடிக்கும்.” முதலாவதை நம்பியவர்கள் மடியிலும் காலடியிலும் சாமானைத் திணித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் கனமானதையெல்லாம் டிக்கியின் கடைசி மூலையில் தள்ளுகிறார்கள். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக றம்பொடை முடக்குகளில் ஏறும்போதோ, நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் இறங்கும்போதோ இந்த இரண்டு பழக்கமும் ஆபத்தாக முடியலாம்.

இதில் பெரிய இயந்திர அறிவு எதுவும் தேவையில்லை. கூரை எங்கே போய் உட்காருகிறது, பாரம் எங்கே உட்காருகிறது என்ற இரண்டும் விளங்கினால் போதும். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

கூரை எங்கே போகிறது?

டிக்கியைத் திறந்து பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எல்லாக் கார்களையும் ‘ஓப்பன் கார்’ என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். ஆனால் கழன்ற கூரை போய்ச் சேரும் இடம் காருக்குக் கார் வேறு.

மாஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற கார்களில் துணிக்கூரை இருக்கைகளுக்குப் பின்னால் தனக்கென்று இருக்கும் பள்ளத்தில் மடிந்துகொள்கிறது. 1989இல் வந்த முதல் கார் தொடக்கம் இன்றுவரை அந்த ஏற்பாடுதான். கூரை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் டிக்கியின் இடம் மாறாது. சாமான் அடுக்குகிறவருக்கு இதைவிட நிம்மதியான கார் இல்லை.

அடுத்தது, பொத்தானை அழுத்தினால் தானாக மடியும் கடினக்கூரை. தகடும் கண்ணாடியுமாக முழுக் கூரையும் துண்டு துண்டாக மடிந்து டிக்கிக்குள் இறங்கும். 2009இல் வந்த பி.எம்.டபிள்யூ. இஸட்4 காரில் கூரை மூடியிருக்கும்போது டிக்கி 310 லீட்டர். திறந்ததும் 180 லீட்டர்தான். சின்னக் காரான டைஹட்சு கோப்பனில் கூரை இறங்கிய பிறகு ஒரு மெல்லிய பைக்கு இடமிருந்தால் அதுவே பெரிய காரியம். இப்படிப்பட்ட கார்களில் டிக்கிக்குள் ஓர் எல்லைத் திரையோ தட்டோ இருக்கும். சாமான் அதற்குக் கீழே நிற்க வேண்டும். திரை இழுபடாவிட்டால் பல கார்களில் கூரை அசையவே மறுக்கும். அது பழுதில்லை, உள்ளே இருக்கும் சாமானையும் கூரையையும் காப்பாற்றும் ஏற்பாடு.

மூன்றாவது, கையால் கழற்றும் பலகை. 1965இல் போர்ஷே தன் 911 காரில் காட்டிய ‘டார்கா’ முறை இதற்குப் பேர்போனது. தலைக்கு மேலுள்ள துண்டு மட்டும் கழரும், பின்னாலுள்ள வளைவு அப்படியே நிற்கும். 1991இல் வந்த சுசுகி கப்புச்சீனோவில் கூரை மூன்று துண்டுகளாகக் கழன்று டிக்கிக்குள் போகிறது. போனால் அங்கே வேறெதற்கும் இடமில்லை. 2015இல் வந்த ஹொண்டா எஸ்660 இன்னும் கண்டிப்பான கார். சுருட்டிய துணிக்கூரை முன் பொனட்டுக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் போகும். அந்தக் காரில் சாமான் வைக்க இருக்கும் பெட்டியும் அதுவேதான்.

இன்னொரு வகையும் உண்டு. எம்.எக்ஸ்-5, ஹொண்டா எஸ்2000 போன்றவற்றுக்குத் தனியாக விற்கப்பட்ட முழுக் கடினக்கூரை. அதைக் கழற்றினால் வீட்டில்தான் வைக்க வேண்டும், காரில் கொண்டுபோக வழியில்லை. உள்ளே துணிக்கூரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆகவே, கூரை திறந்த நிலையில் டிக்கியில் எஞ்சும் இடம் எதுவோ, அதுதான் உங்கள் காரின் உண்மையான டிக்கி. மூடிய நிலைக் கணக்கை வைத்து அடுக்கினால், வழியில் வெயில் வந்தாலும் கூரையைத் திறக்க முடியாமல் போகும்.

லீட்டர் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது?

2015இல் வந்த எம்.எக்ஸ்-5 காரின் டிக்கி ஏறத்தாழ 130 லீட்டர். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் 55 × 40 × 20 சென்டிமீட்டர் பெட்டி ஒன்று 44 லீட்டர். அப்படியானால் கிட்டத்தட்ட மூன்று பெட்டி போகும்தானே? போகாது. இரண்டு போகும், மூன்றாவது வெளியே நிற்கும்.

காரணம் அளக்கும் முறையில் இருக்கிறது. ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படும் முறையில், 20 × 10 × 5 சென்டிமீட்டர் அளவுள்ள கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி எண்ணுகிறார்கள். ஒரு கட்டை சரியாக ஒரு லீட்டர். சக்கரக் கூண்டுக்குப் பக்கத்திலுள்ள குழி, மூடியின் வளைவுக்கு அடியிலுள்ள சந்து என்று எல்லா மூலைக்குள்ளும் அந்தச் சின்னக் கட்டை நுழையும். பெட்டி நுழையாது.

ஆகவே இந்தக் கார்களுக்கு வளைந்து கொடுக்கும் துணிப்பைதான் சரி. ஒரு பெரிய பையை நான்கு சின்னப் பைகளாகப் பிரித்துவிட்டால், அதே டிக்கியில் நீங்கள் எதிர்பாராத அளவு சாமான் இறங்கும். சக்கரமும் இழுபிடியும் வைத்த சூட்கேஸ் காலியாக இருக்கும்போதே இடத்தைத் தின்றுவிடுகிறது. அதை இந்தப் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

விறகுக் கட்டும் காரும்

இனிமேல்தான் விஷயமே. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில், வெட்டி விழுந்த குச்சிகளான மிலாறு பொறுக்கிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவதை நம்மில் பலர் பார்த்திருப்போம், செய்தும் இருப்போம். குட்டையாக வெட்டி இறுக்கிக் கட்டிய கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையின் முடக்கில் திரும்புவது சுலபம். அதே எடையில் நீளமான நாலைந்து கிளைகளைத் தோளில் வைத்துத் திரும்பிப் பாருங்கள். திரும்பத் தொடங்கும்போது கட்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வந்த பிறகு நிற்க மாட்டேன் என்று ஆளையும் சேர்த்துச் சுழற்றும். எடை ஒன்றுதான். உடம்பிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் வேறு.

காரிலும் இதே கதைதான். இரண்டு சொற்கள் இங்கே தேவை. காரின் முழு எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்றால், அந்தப் புள்ளிக்குப் பெயர் ஈர்ப்பு மையம். இரண்டு பேர் ஸ்போர்ட்ஸ் காரில் அது பெரும்பாலும் இருக்கைகளுக்கு அருகே, தாழ்வாக இருக்கும். ஒரு பொருள் சுழலத் தொடங்குவதற்கும், சுழன்றால் நிற்பதற்கும் காட்டும் எதிர்ப்பு சடத்துவத் திருப்பம். பாடசாலையில் இந்தச் சொல்லைப் படித்து மறந்திருப்பீர்கள். மலைப்பாதையில் அதைக் கையால் உணரலாம்.

இந்த எதிர்ப்பு தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். தூரம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. ஒரு பையை இருக்கைக்குப் பின்னால், ஈர்ப்பு மையத்திலிருந்து சுமார் 65 சென்டிமீட்டர் தூரத்தில் வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். அதே பையை டிக்கியின் கடைசியில், 1.85 மீட்டர் தூரத்தில் வைத்தால், அந்தப் பையின் பங்கு எட்டு மடங்காகிவிடும். முழுக் காரோடு பார்த்தால் ஒரு பை சின்னப் பங்குதான். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் சட்டென்று திரும்புவதே எடையெல்லாம் நடுவில் குவிந்திருப்பதால்தான். நாம் கொண்டுபோய்க் கெடுப்பதும் அதைத்தான்.

சுருக்கமாக, கனமானது நடுவுக்குக் கிட்ட வர வேண்டும். கடைசி மூலைக்குப் போவது உடுப்பு, தொப்பி, துவாய் போன்றவை.

ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் வேறொன்று

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அச்சிடைத் தூரம் என்பார்கள். அது 2.31 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2015இல் வந்த எம்.எக்ஸ்-5 அந்த அளவுதான். ஆட்களோடு சேர்த்துக் காரின் எடை 1,150 கிலோ.

40 கிலோ சாமானைப் பின் சக்கரங்களுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால் வைக்கிறீர்கள். பின் சக்கரங்களில் கூடுவது 40 கிலோ என்று நினைப்போம். உண்மையில் 52 கிலோ கூடும், முன் சக்கரங்களில் 12 கிலோ குறையும். பின் சக்கரம் தாங்குபுள்ளியாக நிற்க, சாமான் பின்னால் அழுத்தி முன் பக்கத்தைத் தூக்குகிறது. அதே 40 கிலோவைப் பின் சக்கரங்களுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் வைத்தால், பின்னால் 35, முன்னால் 5 என்று இரண்டிலும் கூடும்.

12 கிலோ என்ன பெரிய எடை? றம்பொடையில் ஏறும்போது பாருங்கள். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் ஏற்றத்தில், சாமான் எதுவும் இல்லாமலே, ஏறத்தாழ 20 கிலோவுக்கு மேல் முன் சக்கரங்களிலிருந்து பின்னுக்குப் போய்விடுகிறது. இதைத்தான் பாரமாற்றம் என்கிறோம், அதாவது சரிவிலோ பிரேக்கிலோ முடக்கிலோ எடை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது. ஏற்கெனவே லேசாகிவிட்ட முன் சக்கரங்களிலிருந்து இன்னும் 12 கிலோவை எடுத்தால், நனைந்த கொண்டை ஊசி முடக்கில் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் கார் தாமதித்தே திரும்பும். நீளக் கட்டு திரும்ப மறுத்தது போலத்தான்.

இறக்கத்தில் கதை தலைகீழ். ஹக்கலையைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்குகிறீர்கள், ஒரு முடக்குக்கு முன் ஓரளவு பலமாக பிரேக் போடுகிறீர்கள். அப்போது சுமார் 90 கிலோ பின்னாலிருந்து முன்னுக்குப் போகலாம். பின் சக்கரங்கள் லேசாகிவிடும். அந்த நேரத்தில் முடக்கில் திரும்பினால், டிக்கியின் கடைசியிலுள்ள பாரம் தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போகப் பார்க்கும். அதைப் பிடித்துத் திருப்ப வேண்டியவை அந்த லேசான பின் சக்கரங்கள்தான். முடியாவிட்டால் காரின் வால் வெளிப்பக்கம் போகும்.

அதனால் இறக்கத்தில் முடக்குக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டு காரை அடக்கி இறங்கினால் பிரேக்கும் சூடேறாது. சாமானோடு போகும்போது இது இரண்டு மடங்கு முக்கியம்.

“பின்னுக்குப் பாரம் போட்டால் பிடிக்கும்” எவ்வளவு உண்மை?

பாதி உண்மை. இந்தக் கார்களில் பலவற்றை ஓட்டுவது பின் சக்கரம். நேரான ஏற்றத்தில், ஈரத்தில் நின்ற காரைக் கிளப்பும்போது பின்னால் எடை இருந்தால் டயர் வழுக்காமல் பிடிப்பது நிஜம்தான். லொறிக்காரர்களின் அனுபவத்திலிருந்து வந்த பேச்சு அது, அவர்களுக்கு அது சரி.

முடக்கில் அது அப்படியே பொருந்தாது. டயரின் மேல் எடை கூடினால் பிடிமானமும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. கொஞ்சம் பின்தங்கியே கூடும். முடக்கில் காரைத் திருப்பத் தேவையான பக்கவாட்டு விசையோ எடைக்கு ஏற்ப முழுதாகக் கூடும். பின் சக்கரங்களுக்கு 52 கிலோ வேலை கூடுகிறது, ஆனால் 52 கிலோவுக்கு உரிய முழுப் பலம் கூடவில்லை. இந்தப் பற்றாக்குறைதான் ஈரமான முடக்கில் வாலை வெளியே தள்ளுவது.

நுவரெலியா ஏப்ரல் சீசனில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். அங்கே ஓடும் கார்களிலிருந்து தேவையில்லாத எடையையெல்லாம் கழற்றி எறிந்திருப்பார்கள். பின்னால் பாரம் போடுவதால் மலைமுடக்கில் கார் நன்றாகப் பிடிக்குமென்றால், அவர்கள்தான் முதலில் போட்டிருப்பார்கள்.

உயரமும் காற்றும்

கூரை இல்லாததால் இருக்கைக்குப் பின்னால் மேலே மேலே அடுக்கலாம் என்று ஓர் ஆசை வரும். வேண்டாம். முடக்கில் எடை உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு நகர்கிறது. சாமான் உயர உயர இந்த நகர்வும் கூடும். டிக்கி மூடிக்கு மேல் பூட்டும் கம்பிச் சட்டத்திலும் இதே குறை உண்டு. உயரமாகவும் கடைசியிலும் இருக்கும் இடம் அது. அதில் எதையாவது கட்டத்தான் வேண்டுமென்றால் லேசான ஒரு பை மட்டும்.

இன்னொரு காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. கார் சட்டென்று நின்றால், கட்டாத பொருள் அதே வேகத்தில் முன்னுக்கு வரும். இருக்கையின் முதுகுக்கு மேல் நிற்கும் எதுவும் நேரே தலைக்குத்தான் வரும். ஒரு தண்ணீர்ப் போத்தல்கூடக் காயப்படுத்தும்.

காற்றைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: அது முன்னாலிருந்து வந்து பின்னால் போகிறதாம். திறந்த காரில் அப்படி மட்டும் நடப்பதில்லை. முன் கண்ணாடியின் விளிம்பைத் தாண்டிப் போகும் காற்று, பின்னால் சுழன்று இருக்கைகளுக்கு நடுவால் முன்னுக்கே திரும்பி வருகிறது. உங்கள் தலைமயிர் முகத்தில் வந்து விழுவது அதனால்தான். அந்தச் சுழல் லேசான பொருளைக் கிளப்பி மேலே எடுத்ததும், மேலே ஓடும் காற்று அதைக் கொண்டுபோய்விடும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் ஒரு சிலி சிலி பேக், அதாவது மெல்லிய பொலித்தீன் பை, ஒட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பதெல்லாம் ஜிப் போட்ட பைக்குள் இருக்க வேண்டும்.

மழைக்கு முன்னால் கூரை

மலைநாட்டில் இது தனி அத்தியாயம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயில் பிற்பகலில் இடியும் மழையுமாக மாறுவது வழமை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் நனைய, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். ரயிலில் பட்டிப்பொலை சுரங்கத்தின் ஒரு பக்கம் மழையில் நுழைந்து மறு பக்கம் வெயிலில் வெளியே வந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. காரில் நீங்கள் அந்த எல்லையை ஒரே நாளில் இரண்டு தடவை தாண்டலாம்.

கையால் கழற்றும் பலகையென்றால் அது டிக்கியில் எல்லாவற்றுக்கும் மேலாக, எதுவும் அழுத்தாமல் இருக்க வேண்டும். சாமானை இறக்கித்தான் கூரையை எடுக்க முடியும் என்ற நிலையில் அடுக்கினால், மழையில் பையையும் நனைத்து இருக்கையையும் நனைத்து, குறுகிய ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருக்க நேரிடும். பலகைக்கும் சாமானுக்கும் நடுவில் ஒரு பழைய போர்வையை விரியுங்கள். கூரையில் கீறல் விழாது. குளிருக்கும் அது உதவும்.

துணிக்கூரை நனைந்துவிட்டால், மழை விட்டதும் உடனே மடிக்கக் கூடாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நுவரெலியாக் குளிரில் அது காயவே நாளெடுக்கும்.

ஒரு காரை அடுக்கிப் பார்ப்போம்

துணிக்கூரை எம்.எக்ஸ்-5 ஒன்று, இரண்டு பேர், இரண்டு இரவு. கூரையைத் திறந்துவிட்டு, டிக்கியைக் காலி செய்துகொண்டு ஆரம்பிக்கிறோம். டயருக்குக் காற்றடிக்கும் கருவியும் நட்டு முடுக்கும் சாவிகளும் அவசரத்துக்குக் கை எட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு கனமான பை: சப்பாத்து, சார்ஜர்கள், குளிப்புச் சாமான். அது டிக்கியின் முன் சுவரோடு ஒட்டி, தரையில் படுக்க வேண்டும். இருக்கைப் பக்கமாக உள்ள சுவரைத்தான் முன் சுவர் என்கிறேன். உடுப்புப் பைகள் அதற்குப் பின்னால். பக்கத்துக் குழிகளுக்குள் சுருட்டிய ஸ்வெட்டர், துவாய், சாக்ஸ். மூடிக்கு மிக அருகே எதுவும் நிமிர்ந்து நிற்கக் கூடாது. மூடும்போது உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினால் போதும். தட்டி மூட வேண்டியிருந்தால் ஒரு பை கூடிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீரும் தின்பண்டமும் பக்கத்து இருக்கைக்காரரின் காலடியில், ஒரு பைக்குள். சாரதியின் காலடியில் எதுவுமே வேண்டாம், உருண்டு பிரேக் மிதிக்குக் கீழே போகும் போத்தல் எமன். தனியாகப் போகிறீர்களா? அப்படியானால் கனமான பைக்கு டிக்கியைவிடப் பக்கத்து இருக்கையின் காலடிதான் நல்ல இடம். இருக்கையின் மேலே வைத்தால் சீட் பெல்ட்டைப் போட்டுக் கட்டுங்கள்.

எஞ்சின் நடுவில் இருக்கும் கார்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1996இல் வந்த போர்ஷே பொக்ஸ்டரில் முன்னும் பின்னுமாக இரண்டு டிக்கி. முன்னது கிட்டத்தட்ட வெளிக்காற்றின் குளிர்ச்சியில் இருக்கும். பின்னது எஞ்சினுக்குப் பக்கத்தில் சூடேறும். கேக், சொக்கலட், மருந்து எல்லாம் முன்னால்தான்.

கடைசியாக மொத்த எடை. இந்தக் கார்கள் தாங்கும் எடை அதிகமில்லை, அதில் உங்கள் இரண்டு பேரின் எடையும் சேர்த்தி. சாரதி கதவைத் திறந்தால் ஓரத்திலோ, கைநூலிலோ அந்த எல்லையும் டயர் காற்றழுத்தமும் போட்டிருக்கும். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

திரும்பி வரும்போது

போகும்போது அழகாக அடுக்கியவர்கள் கோட்டை விடுவது திரும்பி வரும் பயணத்தில்தான். வெலிமடையிலோ நுவரெலியாவிலோ ரோட்டோரக் கடையில் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என்று பத்துப் பதினைந்து கிலோ சேர்ந்துவிடும். டிக்கி திறந்ததும் கண்ணில் படும் காலி இடம் கடைசி ஓரம், சாக்கு அங்கேதான் போகும். இறக்கம் முழுக்க மீதமிருக்க, அந்த இடம்தான் கூடவே கூடாது. ஐந்து நிமிடம் செலவழித்து உடுப்புப் பைகளை வெளியே எடுங்கள். கிழங்கையும் கரட்டையும் இரண்டு மூன்று சின்னப் பைகளாகப் பிரித்து முன் சுவரோடு தரையில் வையுங்கள், உடுப்பை அவற்றுக்குப் பின்னால் தள்ளுங்கள். லீக்ஸ் நீளமாக இருந்தாலும் லேசானதுதான், டிக்கியில் குறுக்காகப் படுக்க வைக்கலாம். ஸ்ட்ரோபெரி வாங்கியிருந்தால் அதை மட்டும் பக்கத்தில் இருப்பவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும், மூடி போட்ட டப்பாவில்.